மணியாச்சிக் கைத்துப்பாக்கியும் காகித இலக்கும்

பத்தாண்டுக் காலம் கவிதையைப் பாடியும் கேட்டும் வளர்ந்த ஓர் இலக்கிய வட்டத்தின் மலரில், கைத்துப்பாக்கியைப் பற்றிய கட்டுரைக்கு என்ன இடம் என்று அன்பர்கள் வியக்கக்கூடும். வியப்பு நியாயமானதே. ஆயினும் தமிழ்ச் சிறுகதையின் முன்னோடி என்று நாம் போற்றும் ஒருவர், கம்பனை உலகக் காவியங்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்த ஒருவர், குறள் முழுவதையும் ஆங்கிலத்தில் பெயர்த்த ஒருவர், துப்பாக்கிப் பயிற்சி அளித்த ஆசிரியராகவும் இருந்தார் என்பதை எண்ணும்போது, இப்பொருள் நம் வாசலுக்கு அயலானது அன்று என்பது விளங்கும். வ.வே.சு. ஐயரின் கையில் எழுதுகோலும் துப்பாக்கியும் அடுத்தடுத்து இருந்தன. அவ்விரண்டையும் ஒருசேர எண்ணிப் பார்க்கும் முயற்சியே இக்கட்டுரை.

இதற்கு ஒரு தூண்டுதலும் உண்டு. பழைய போர்ப்படைக் கைத்துப்பாக்கிகளை இன்றைய போட்டி அரங்குகளில் எடுத்துச் சுடும் வழக்கம் மேலை நாடுகளில் நிலவுகிறது. கொல்வதற்கென வடிக்கப்பட்ட கருவி காகிதத்தைத் துளைத்து மதிப்பெண் பெறும் கருவியாக மாறியிருக்கிறது. இம்மாற்றத்தைக் கொண்டாடுவதா, ஐயுறுவதா? தமிழகத்தின் ஒரு புகைவண்டி நிலையத்தில் வெடித்த கைத்துப்பாக்கியின் கதையை அருகில் வைத்துப் பார்த்தாலன்றி இவ்வினாவுக்கு நேர்மையான விடை கிட்டாது.

ஓர் ஆண்டு, இரு நிகழ்ச்சிகள்

நம் ஊரில் 1896ஆம் ஆண்டு என்றால் ஒரே நினைவுதான். அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாள், மதுரையிலிருந்து புறப்பட்ட பதினாறு வயது இளைஞர் ஒருவர் அண்ணாமலையார் சந்நிதியில் வந்து நின்றார். பின்னாளில் உலகம் அவரை இரமண மகரிஷி என அறிந்தது. அதே ஆண்டு ஏப்ரலில், கடல் கடந்த ஏதென்ஸ் நகரில், புத்துயிர் பெற்ற ஒலிம்பிக் விளையாட்டின் முதல் விழா நடைபெற்றது. அவ்விழாவில் 25 மீட்டர் தொலைவில் படைக் கைத்துப்பாக்கி சுடுதல் ஒரு போட்டியாக இருந்தது. அமெரிக்கரான ஜான் பெயின் முதலிடமும், அவருடைய உடன்பிறந்தவர் சம்னர் பெயின் இரண்டாமிடமும் பெற்றனர். முதற்போட்டியில் வென்றவர் அடுத்த கைத்துப்பாக்கிப் போட்டியில் கலந்துகொள்வதில்லை என்று உடன்பிறந்தார் இருவரும் தமக்குள் பேசி வைத்திருந்தனர். அவ்வாறே ஜான் ஒதுங்க, அடுத்த போட்டியில் சம்னர் வென்றார்.

ஆகவே, படைக் கருவியை விளையாட்டரங்கில் சுடுவது இன்று நேற்றுத் தோன்றிய புதுமையன்று. நவீன ஒலிம்பிக்கின் பிறப்பிலேயே அது இருந்தது. வீரனின் பழக்கம் விளையாட்டாக மாறும் இவ்வழக்கத்தில் வில்லும் வாளும் முன்னே நடந்தன. கைத்துப்பாக்கி பின்னே வந்தது.

நம் ஊர்ப்புறமும் வெடிமருந்தின் நாற்றத்தை அறியாததன்று. 1767 செப்டம்பரில், செங்கத்திலும் அதைத் தொடர்ந்து திருவண்ணாமலையிலும், ஐதர் அலியும் ஐதராபாத் நிஜாமும் சேர்ந்த படைக்கும் கர்னல் ஜோசப் சுமித் தலைமையிலான கும்பினிப் படைக்கும் கடும்போர் நிகழ்ந்தது. முதல் மைசூர்ப் போரின் போக்கை மாற்றிய மோதல் அது. தோல்வியில் மனம் தளர்ந்த நிஜாம், அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ஆங்கிலேயரோடு தனி உடன்படிக்கை செய்துகொண்டார். கிரிவலப் பாதையில் அமைதியாக நடக்கும் நாம், இந்நிலம் பார்த்த படைகளை எண்ணுவது அரிது.

துப்பாக்கியும் எழுதுகோலும்

1878ஆம் ஆண்டு இந்திய வரலாற்றில் கவிஞர்கள் மறக்கலாகாத ஆண்டு. வைசிராய் லிட்டன் பிரபு அவ்வாண்டில் இரு சட்டங்களைக் கொண்டுவந்தார். ஒன்று, இந்திய மொழி இதழ்களின் வாயை அடைக்கும் சட்டம். ஆங்கில இதழ்களுக்கு அது பொருந்தாது. மற்றொன்று ஆயுதச் சட்டம், இந்தியர் உரிமம் இன்றி ஆயுதம் வைத்திருத்தல் குற்றம் என்றது, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. எழுதுகோலும் துப்பாக்கியும் ஒரே ஆண்டில், ஒரே கையால், ஒரே அச்சத்தின் பேரில் பறிக்கப்பட்டன. இதழ்ச் சட்டத்தை ரிப்பன் பிரபுவின் ஆட்சி சில ஆண்டுகளில் நீக்கியது. ஆயுதச் சட்டமோ விடுதலைக்குப் பின்னும் நின்று, 1959இல்தான் புதிய சட்டத்துக்கு இடம் கொடுத்தது.

இப்பின்னணியில்தான் ஐயரின் வாழ்க்கையைக் காண வேண்டும். 1881இல் திருச்சி வரகனேரியில் பிறந்த அவர், வழக்கறிஞராகி, பாரிஸ்டர் பட்டம் பெற 1907இல் லண்டன் சென்றார். அங்கே இந்தியா விடுதியில் சாவர்க்கரின் தோழரானார். அவ்விடுதியின் தொடர்புடைய மதன்லால் திங்கரா, லண்டன் டாட்டனம் கோர்ட் சாலையில் பொதுமக்கள் கட்டணம் செலுத்திச் சுட்டுப் பழகும் ஒரு கூடத்தில் பயின்றார். 1909 ஜூலை முதல் நாள் கர்சன் வைலியைச் சுட்டுக் கொன்றார். சாவர்க்கர் லண்டனிலிருந்து மறைவாக அனுப்பிய இருபது பிரவுனிங் கைத்துப்பாக்கிகளுள் ஒன்று, அவ்வாண்டு டிசம்பரில் நாசிக் ஆட்சியர் ஜாக்சனின் உயிரைக் குடித்தது. ஐயரோ பட்டத்தைத் துறந்து, மாறுவேடத்தில் தப்பி, 1910இல் புதுச்சேரி வந்து சேர்ந்தார். பாரதியாரும் அரவிந்தரும் அப்போது அங்கே இருந்தனர். பிரெஞ்சு மண்ணில் ஆங்கிலேயரின் ஆயுதச் சட்டம் செல்லாது. அந்நகரின் புறத்தே இளைஞர்க்கு ஐயர் சுடும் பயிற்சி அளித்தார் என்று அக்கால அரசு ஆவணங்களும் பின்வந்த வாழ்க்கை வரலாறுகளும் கூறுகின்றன. 1911இன் தொடக்கத்தில் அங்கு வந்த இளைஞருள் செங்கோட்டை வாஞ்சிநாதனும் ஒருவர்.

மணியாச்சி

1911 ஜூன் 17. காலை வேளை. மணியாச்சிச் சந்திப்பில் கொடைக்கானல் செல்வதற்காகத் தம் மனைவியுடன் முதல் வகுப்புப் பெட்டியில் அமர்ந்திருந்தார் திருநெல்வேலி ஆட்சியர் ராபர்ட் வில்லியம் ஆஷ். சுதேசிக் கப்பல் கம்பெனியை நசுக்குவதிலும், 1908இல் வ.உ.சி. சிறைப்பட்டபோது எழுந்த மக்கள் கொந்தளிப்பை அடக்குவதிலும் முன்னின்றவர் என்ற சினம் அவர்மேல் இருந்தது. பெட்டியில் ஏறிய வாஞ்சி அவரைச் சுட்டார்; பிறகு நடைமேடையில் இருந்த கழிப்பறைக்குள் ஓடி, தம்மையும் சுட்டுக்கொண்டு மாண்டார். இருபத்தைந்து வயது. கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரவுனிங் தானியங்கிக் கைத்துப்பாக்கி.

வழக்கில் முதற்குற்றவாளியாக நிறுத்தப்பட்ட நீலகண்ட பிரம்மசாரிக்கு ஏழாண்டுச் சிறை கிடைத்தது. அவர் பின்னாளில் துறவு பூண்டு, நந்தி மலையில் சாது ஓம்காராக வாழ்ந்து 1978இல் மறைந்தார். ஆங்கிலப் படையில் மேஜராக இருந்த ஆலன் சாட்விக் 1935இல் நம் ஊருக்கு வந்து, இரமணரின் அடியில் அமர்ந்து, சாது அருணாசலா ஆனதை மூத்த அன்பர்கள் அறிவர். ஆட்சியை எதிர்த்து ஆயுதம் தேடியவர் ஒரு மலையிலும், அவ்வாட்சிக்காக ஆயுதம் தாங்கியவர் மற்றொரு மலையிலும் ஒதுங்கினர். வரலாறு சில வேளைகளில் கவிஞரைவிட நுட்பமாக எதுகை அமைக்கிறது.

வாஞ்சியின் சட்டைப்பையில் இருந்த கடிதத்தையும் பேசாமல் விடுதல் கூடாது. நாட்டு விடுதலையை விழைந்த அக்கடிதம், சனாதன தருமத்தின் பெயரால், அயலாரை மிலேச்சர் என இகழ்ந்து, அவர்தம் உணவைப் பழித்துப் பேசுகிறது. அதை வைத்து வாஞ்சியின் தியாகத்தை மறுப்போரும் உளர். அதை மறைத்துவிட்டு அவரைப் பாடுவோரும் உளர். இரண்டும் வரலாற்றுக்குச் செய்யும் குறை என்பதே என் எண்ணம். பாட விரும்பும் கவிஞர் கடிதத்தை முழுதும் படிக்கட்டும். பழிக்க விரும்புவோர் 1878ஆம் ஆண்டுச் சட்டத்தையும் 1908ஆம் ஆண்டு திருநெல்வேலித் தெருக்களையும் படிக்கட்டும். இரண்டையும் படித்த பின் எஞ்சும் துயரமே உண்மைக்கு அருகில் இருக்கும்.

ஒரே கைவினைஞர்

இனி, அக்கருவியைச் சமைத்தவரைப் பற்றி. ஜான் மோசஸ் பிரவுனிங் 1855இல் அமெரிக்காவின் யூட்டா பகுதியில் ஆக்டன் என்னும் ஊரில், துப்பாக்கி செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். தந்தையின் பட்டறையில் பயின்ற அவருடைய வடிவங்களைப் பெல்ஜியத்தின் எர்ஸ்தால் ஆலை பெருந்தொகையாகச் செய்து உலகெங்கும் விற்றது. அவர் வடித்த .45 அங்குலக் கைத்துப்பாக்கியை அமெரிக்கப் படை 1911 மார்ச் 29 அன்று ஏற்றுக்கொண்டது. அதன் எண்பதாம் நாள் மணியாச்சி நிகழ்ச்சி. ஒருவர் மூளையில் உதித்த இரு கருவிகளுள் ஒன்று பேரரசுகளின் இடுப்பில் ஏறிய அதே பருவத்தில், மற்றொன்று ஒரு பேரரசின் அதிகாரியை நோக்கி நீண்டது.

பிரவுனிங் 1926இல் பெல்ஜியத்திலேயே, தம் பணியிடத்திலேயே உயிர் நீத்தார். அவர் முடிக்காது விட்ட 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கியை அவ்வாலையின் தியுதொன்னே சேவ் என்பவர் முடித்து, 1935இல் வெளிவரச் செய்தார். அவ்வடிவமே பின்னர் வங்காளத்தின் இச்சாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்யப்பட்டு, சுதந்திர இந்தியாவின் படை அதிகாரிகளுக்கு வழங்கப்பட்டது. வாஞ்சியின் கருவியும் இந்திய இராணுவத்தின் கருவியும் ஒரே கொல்லனின் வழிவந்தவை என்பதைப் பாடநூல்கள் சொல்வதில்லை.

ஒரு மில்லிமீட்டரின் கணக்கு

அமெரிக்கப் படை அந்த .45 கைத்துப்பாக்கியை 1985 வரை தன் பொதுக் கருவியாகக் கொண்டிருந்தது. ஓய்வு பெற்ற அத்துப்பாக்கிகளுள் ஒரு பகுதி 2018 முதல் சட்டப்படி குடிமக்களுக்கு விற்கப்படுகிறது. ஒகையோ மாநிலத்தில், ஏரிக்கரையில் உள்ள கேம்ப் பெர்ரி என்னும் இடத்தில் 1907 முதல் தேசியச் சுடுதல் போட்டிகள் நடந்து வருகின்றன. அப்போட்டிகளை நடத்துவோர் பழைய .45க்கென்றே தனிப்போட்டி ஒன்றும் வைத்துள்ளனர். படைவீரனுக்கு வழங்கிய வடிவத்திலிருந்து துப்பாக்கியை மாற்றக்கூடாது என்பதே அதன் தலையாய விதி. செப்பனிட்ட கைப்பிடி இல்லை. நுண்ணிய குறிக்கருவி இல்லை. பாட்டனார் சுட்டது எதுவோ அதையே பேரனும் சுட வேண்டும்.

இதில் உள்ள அருமையை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். அத்துப்பாக்கியின் மேல், பின்பக்கம் ஒரு பள்ளமும் முன்பக்கம் ஒரு முனையும் உண்டு. பள்ளத்தின் நடுவே முனை நிற்குமாறு பார்ப்பதே குறி பார்த்தல். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 165 மில்லிமீட்டர். முனை ஒரு மில்லிமீட்டர் விலகினால், 25 மீட்டருக்கு அப்பால் குண்டு ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் விலகும். அத்தொலைவிலிருந்து பொறுமையாகச் சுடும் உலகப் போட்டிகளின் இலக்குத்தாளில் பத்து மதிப்பெண் வட்டத்தின் குறுக்களவு 5 சென்டிமீட்டர்தான். நடுவே பட வேண்டியது, அந்த ஒரு மில்லிமீட்டர்ப் பிழையால் ஐந்து மதிப்பெண் வட்டத்தின் விளிம்புக்குப் போய்விடும்.

துப்பாக்கியின் எடை ஒரு கிலோவுக்கும் சற்று மிகுதி. மரபுவழிப் போட்டியில் அதை ஒரே கையால், நீட்டிய நிலையில் தாங்க வேண்டும், மறுகை வாளாவிருக்கும். குதிரைவீரன் மறுகையால் கடிவாளம் பற்றிய காலத்தின் எச்சம் இது என்பர். மூச்சைப் பாதியில் நிறுத்தி, இலக்கு மங்கலாகத் தெரிந்தாலும் பொருட்படுத்தாது, கண்ணை முன்முனையில் ஊன்றி, விசையை மெல்ல மெல்ல அழுத்த வேண்டும். எந்நொடியில் வெடிக்கும் என்று சுடுபவரே அறியாதபடி வெடிப்பதுதான் நல்ல சுடுதல். எப்போது வெடிக்கும் என்று எதிர்பார்த்தால் கை நடுங்கும். அமெரிக்க மரபில் முதலில் பொறுமையாகவும், பிறகு இருபது நொடியில் ஐந்து குண்டும், அதன்பின் பத்து நொடியில் ஐந்து குண்டும் சுடச் சொல்வார்கள். வேகம் கூடக் கூட மனத்தின் அமைதியும் கூட வேண்டும். இல்லையேல் குண்டு தாளுக்கு வெளியே போகும்.

இவ்வளவு நுட்பமும் மணியாச்சியில் தேவைப்படவில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஒரு புகைவண்டிப் பெட்டிக்குள் இருவருக்கு இடையே இருந்தது சில அடித் தொலைவு. அங்கே வேண்டியிருந்தது குறியின் நேர்த்தியன்று; எதிரில் இருப்பவனும் தானும் அன்றே மடிவது என்ற முடிவு. போட்டிக்காரர் ஒரு பருவம் முழுதும் பயின்று அடையும் அமைதியும், வாஞ்சி ஒரு நொடியில் கடந்த எல்லையும் வெவ்வேறு உலகத்தன. கருவி ஒன்றாயினும் செயல் ஒன்றன்று.

பூட்டிய அறையில் ஒரு நினைவு

விளையாட்டாகிவிட்டதால் கருவி குற்றமற்றதாகிவிட்டது என்று கூறிவிடவும் இயலாது. 1996 மார்ச் 13 அன்று ஸ்காட்லாந்தின் டன்பிளேன் நகரப் பள்ளியில் பதினாறு குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் சுட்டுக் கொல்லப்பட்டனர். கொன்றவன் வைத்திருந்தவை சட்டப்படி உரிமம் பெற்ற கைத்துப்பாக்கிகளே. அடுத்த ஆண்டு இயற்றிய சட்டங்களால் பிரித்தானியா தன் குடிமக்களிடமிருந்து கைத்துப்பாக்கிகளை ஏறத்தாழ முற்றாக விலக்கியது. 2002இல் மான்செஸ்டர் காமன்வெல்த் விளையாட்டில் கைத்துப்பாக்கிப் போட்டியை நடத்துவதற்கே தனி விலக்கு பெற வேண்டியிருந்தது.

அச்சட்டத்திலும் வரலாற்றுக்கு ஒரு சிறு கதவு திறந்து வைக்கப்பட்டது. வரலாற்றுச் சிறப்புடைய பழைய கைத்துப்பாக்கிகளை, அரசு குறித்த சில இடங்களில் மட்டும் பூட்டி வைத்து, அங்கேயே எடுத்துச் சுட்டு, அங்கேயே திருப்பி வைக்கலாம். அவ்விடங்களுள் ஒன்று, 1890 முதல் ஆங்கிலேயரின் சுடுதல் போட்டிகள் நடந்துவரும் பிஸ்லி. ஆங்கிலப் படை 1887இல் ஏற்றுக்கொண்ட வெப்லி சுழல்துப்பாக்கியின் வழிவந்தவையும் பழங்கருவிகளாய் இவ்வகையில் எஞ்சியிருப்பவை. இந்தியாவில் அதிகாரிகளின் இடுப்பில் தொங்கி நம் முன்னோரை அச்சுறுத்திய இனம் அது. இன்று காகிதத்தை மட்டும் காணும் சிறைவாசி.

இந்த ஏற்பாடு எனக்குப் பொருத்தமாகவே தோன்றுகிறது. அழித்துவிட்டால் நினைவு போகும். அவிழ்த்துவிட்டால் உயிர் போகும். பூட்டிய அறையில் வைத்து, ஒழுங்கோடு எடுத்து, கணக்கோடு சுட்டு, மீண்டும் பூட்டுதல் என்பது ஒரு சமூகம் தன் கடந்த காலத்தின் வன்முறையை எப்படிக் கையாள வேண்டும் என்பதற்கே ஓர் உவமை.

நம் நாட்டிலும் அவ்வொழுங்கு வளர்ந்திருக்கிறது. நாட்டின் முதல் மக்களவைத் தலைவர் மாவ்லங்கரின் முயற்சியால் 1951இல் தேசியத் துப்பாக்கிச் சங்கம் தோன்றியது. படைக் கைத்துப்பாக்கிப் போட்டியின் வழிவந்ததெனத்தக்க 25 மீட்டர் பெருந்தோட்டாப் போட்டியில், ஜஸ்பால் ராணா 1994 இரோசிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றார். 2006இல் தோகாவில் 590 புள்ளி எடுத்து உலகச் சாதனையைச் சமன் செய்தார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் விரைவுச் சுடுதலில் வெள்ளி வென்ற விஜய் குமார் அப்போது நம் படைவீரராக இருந்தார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இரு வெண்கலம் பெற்ற மனு பாக்கர், ராணாவிடம் பயின்றவர். திங்கரா லண்டன் கூடத்தில் பயின்றதற்கும் விஜய் குமார் லண்டன் மேடையில் நின்றதற்கும் இடையே ஒரு நூற்றாண்டும் ஒரு விடுதலையும் இருக்கின்றன.

இரு அதிகாரங்கள்

ஐயரிடம் திரும்புவோம். மணியாச்சிக்குப் பின் புதுச்சேரியில் ஒற்றர் சூழ வாழ்ந்த ஆண்டுகளில்தான் அவர் தமிழுக்கு மிகுதியாகக் கொடுத்தார். ‘குளத்தங்கரை அரசமரம்’ 1915இல் வந்தது. குறளின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1916இல் வந்தது. படைச்செருக்கு என்றோர் அதிகாரமும் கொல்லாமை என்றோர் அதிகாரமும் அந்நூலில் உண்டு. துப்பாக்கி பிடித்த கை, இவ்விரு அதிகாரங்களையும் ஒரே மேசையில் மொழிபெயர்த்தது. எதை எழுதும்போது அக்கை தயங்கியிருக்கும் என்று நான் பல முறை எண்ணியதுண்டு. பிறகு தாயகம் திரும்பி, காந்தியடிகள் வழிநடத்திய இயக்கத்தில் சேர்ந்து, ‘தேசபக்தன்’ ஆசிரியரானார்; எழுதியதற்காகவே பெல்லாரிச் சிறை சென்றார்; அங்கே கம்பனை ஆங்கிலத்தில் ஆராய்ந்தார். பின்னர் அவர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் எழுந்த பந்தி வேற்றுமைப் பூசல் தமிழக அரசியலையே கலக்கியது. அக்குறையையும் அவர் கணக்கில் எழுதியே தீர வேண்டும். 1925 ஜூன் 3 அன்று, பாபநாசம் கல்யாண தீர்த்தத்தில் விழுந்த மகளைக் காக்கப் பாய்ந்து உயிர் நீத்தார். உயிர் எடுக்கப் பயிற்றியவர், உயிர் காக்கும் முயற்சியில் முடிந்தார்.

ஆயுத பூசை நாளில் நம் வீடுகளில் அரிவாளும் தராசும் எழுதுகோலும் ஏடும் ஒரே பலகையில் அமர்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே சந்தனம். மறுநாள் எடுக்கும் கைதான் வேறுபடுத்துகிறது. பழைய கைத்துப்பாக்கியை ஏந்திப் போட்டிக் கூடத்தில் நிற்பவர், பத்து நொடியில் ஐந்து முறை தம் கையின் நடுக்கத்தை வெல்லப் பார்க்கிறார். எதிரில் இருப்பது தாள் என்பதே அவருக்குக் கிடைத்த பெரும்பேறு. வாஞ்சிக்கும் ஆஷுக்கும் அப்பேறு கிட்டவில்லை.

சொல்லும் குறி தவறினால் காயப்படுத்தும் கருவியே. அதைப் பத்தாண்டுகள் பொறுப்போடு கையாண்ட இவ்வட்டத்து அன்பர்கள், இன்னும் பல பத்தாண்டுகள் அந்நிதானத்தைக் காத்து நிற்க வேண்டும் என வேண்டி அமைகிறேன்.